பெங்களூரு காக்ஸ் டவுன் தோட்டக் குறிப்பு: ஸ்புரூஸ் என்று ஒரு தொட்டி

டிசம்பர் 7, 2024, சனி

எதிர்வீட்டு அக்கா சித்தாபுர நர்சரியிலிருந்து இடுப்பளவு ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைத் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். பண்டிகை வரைக்கும் ஹாலில் இருக்கட்டும், அப்புறம் காம்பவுண்டு ஓரமாகத் தரையில் நட்டுவிடலாம் என்று திட்டம். "ஸ்புரூஸ்னு சொல்லித்தான் குடுத்தான், நீ ஒரு தடவ பாத்துச் சொல்லுப்பா" என்றார்.

ஸ்புரூஸ் என்பது குளிர்ந்த மலைகளில் வளரும் ஊசியிலை மரம். கிட்டே போகவே வேண்டியதில்லை, இது அதுவல்ல, அரக்கேரியா என்ற வேறொரு மரம். நடுத்தண்டில் ஒரே மட்டத்தில் நாலைந்து கிளைகள் சுற்றிலும் விரிகின்றன, கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே அடுத்த அடுக்கு, ஏதோ குடையை அடுக்கி வைத்த மாதிரி. இலையைத் தடவினால் மெத்தென்று இருக்கிறது, குத்தவே இல்லை. ஸ்புரூஸ் கிளையைக் கையால் இறுக்கிப் பிடித்தால் குத்தும். மேல்மண்ணை விலக்கிப் பார்த்தேன், ஒரே தொட்டியில் மூன்று கன்று. புதர்போல அடர்த்தியாகத் தெரிவதற்காக நர்சரிகளில் இப்படித்தான் வைப்பார்கள். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், இந்த ஊரில் ஊசி இலை இருந்தால் எல்லாமே கிறிஸ்துமஸ் மரம்தான்.

டிசம்பர் 8, ஞாயிறு

அக்காவைக் காலையில் லால்பாக் பூங்காவுக்கே கூட்டிப் போனேன். இது வளர்ந்தால் என்ன ஆகும் என்று வாயால் சொல்வதைவிட அண்ணாந்து பார்க்க வைப்பது நல்லது. அங்கே நிற்கும் உயரமான அரக்கேரியாக்கள் குக் பைன் வகை (பெயரில்தான் பைன்), சொந்த ஊர் பசிபிக்கில் நியூ கலிடோனியா. அதன் உறவுக்காரனான நார்ஃபோக் தீவு மரத்தையும் இதையும் கேப்டன் குக்கின் கப்பல் 1774இல் பார்த்தது. இரண்டுமே 50 மீட்டரைத் தாண்டக்கூடியவை. கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், அக்காவின் தொட்டியில் எது என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

குக் பைனுக்கு ஒரு விசித்திரக் குணம்: நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்ந்து வளரும். 2017இல் வந்த ஓர் ஆய்வில் பல நாட்டு மரங்களை அளந்து பார்த்ததில் சராசரிச் சாய்வு 8 டிகிரிக்கு மேல் வந்திருக்கிறது. நம் ஊரில் என்றால் தெற்கே. "தெற்கேதான் நம்ம ஓனர் வீடு" என்றார் அக்கா. 30க்கு 40 அடி சைட்டில் காம்பவுண்டு ஓரம் நடும் பேச்சு அதோடு முடிந்தது.

டிசம்பர் 15

மணாலியில் ஓட்டலில் வேலை செய்யும் சித்தப்பா பையனிடம், கீழே விழுந்து கிடக்கும் ஸ்புரூஸ் கிளை கிடைத்தால் அனுப்புடா என்று கேட்டிருந்தேன். அங்கே அதை ராய் என்கிறார்கள். பார்சலைப் பிரித்தால் பாதி இலை கவருக்குள் உதிர்ந்து கிடக்கிறது. ஸ்புரூஸ் காய்ந்தால் அப்படித்தான் கொட்டும், நமக்கும் அதுதான் வசதி. இலை உதிர்ந்த இடத்தில் ஒவ்வொன்றுக்கும் மரத்தாலான ஒரு குட்டி முளை நிற்கிறது, குச்சியை விரலால் உருவினால் அரம்போலச் சொரசொரக்கிறது. ஃபர் என்ற இன்னொரு ஊசியிலை மரத்தின் குச்சியில் இது இருக்காது, வட்டத் தழும்பு மட்டும்தான். ஓர் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினேன், உருண்டது, ஏனென்றால் அதற்கு நாலு பக்கம். ஃபர் இலை தட்டை, உருளாது. நிஜ பைன் மரத்தில் ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக வரும், ஸ்புரூஸில் தனித்தனி. காயும் கீழ்நோக்கித் தொங்கும், முழுசாக விழும். ஃபரில் நிமிர்ந்து நின்று மரத்திலேயே உதிர்ந்துவிடும்.

அக்கா கேட்டார், "அப்ப நிஜ ஸ்புரூஸையே ஒண்ணு வரவழைச்சா என்ன?" வேண்டாங்க்கா. அது 2,000 மீட்டருக்கு மேலே பனி விழும் சரிவில் வளர்கிற மரம். குளிரில் சில மாதம் உறங்கினால்தான் அதன் மொட்டு ஒழுங்காக விழிக்கும். பெங்களூரு 920 மீட்டர், டிசம்பர் ராத்திரியில்கூட 15 டிகிரி, நமக்குத்தான் ஸ்வெட்டர். ஏப்ரல் வெயிலில் அது என்ன பாடுபடும் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

டிசம்பர் 26

பண்டிகை முடிந்தது, தொட்டி மாடிக்குப் போயிற்று. நேரே மொட்டை வெயிலில் வைக்காமல் முதலில் தண்ணீர் டேங்க் நிழலில் வைக்கச் சொன்னேன். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்தபிறகு தண்ணீர், அடித்தட்டில் தேங்க விடக்கூடாது. வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் பக்கமாகச் சாய்ந்துவிடும். அடிக்கிளை காய்ந்து பழுப்பானால் திரும்பத் துளிர்க்காது. நுனிக் குருத்தில் மட்டும் கத்தரி படவே கூடாது, பட்டால் அந்த நேர்த்தியான கோபுர வடிவம் போச்சு. ஸ்டார் மாட்டிய கம்பியை அந்தக் குருத்தில்தான் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், நல்லவேளை, பிள்ளைகள் பார்த்து அவிழ்த்துவிட்டார்கள்.

ஜனவரி 5, 2025

கிளை இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் தெளிக்க வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு தடவை.

மணாலித் தம்பி இப்போது கேட்கிறான், ஓட்டல் வாசலில் ராய் கன்று நட்டால் வருமா என்று. அங்கே தாராளமாக வரும். வேர் மேலாகவே ஓடும், அதனால் கோடையில் காயாமல் சருகு மூடாக்குப் போடு, தண்டின் அடியை மட்டும் மூடிவிடாதே, கட்டிடத்திலிருந்து நன்றாகத் தள்ளி நடு, கிளையைக் குறைப்பதென்றால் பச்சை இலை இருக்கும் அளவோடு நிறுத்து, பழைய மொட்டைக் கட்டையிலிருந்து துளிர் வராது என்று எழுதி அனுப்பினேன். எங்கே நடுவது என்று முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறானாம்.