கிருலப்பனை வாய்க்காலில் நீலக் கொடுக்கு

மே 4, 2025, ஞாயிறு

காலையில் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். "மாமா, வாய்க்காலுக்குள்ள சிங்க இறால்!" மங்கல் படம்தான், ஆனால் நீலக் கொடுக்கு இரண்டும் தெரிந்தன. தேத்தண்ணி ஆறிப்போனது.

இலங்கைக்குச் சொந்தமான நன்னீர்ச் சிங்க இறால், அதாவது கிரேஃபிஷ், கிடையாது. இந்தியாவிலும் இல்லை. நீலம் என்றதும் செங்கொடுக்கு கிரேஃபிஷ்தான் நினைவுக்கு வந்தது. பெயர்தான் செங்கொடுக்கு, உடம்பு நீலம். வட அவுஸ்திரேலியாவும் தெற்கு நியூகினியும் அதன் ஊர். வளர்க்கக் கொண்டுபோன இடங்களில் தப்பி சிங்கப்பூர், தென்னாபிரிக்கா, சாம்பியா வரை பரவிவிட்டது. வரைபடத்தில் இனிக் கொழும்புக்கும் ஒரு புள்ளியா? சந்தோஷப்படக்கூடிய புள்ளி இல்லை. ஆனாலும் கை பரபரத்தது, பொய் சொல்லக்கூடாது.

மே 5

யாருக்கும் எழுதவில்லை. "பக்கவாட்டில ஒரு படம் எடு, அளவு தெரியப் பக்கத்தில காசுக் குத்தி ஒண்டு வை" என்றேன்.

"அது ஓடிட்டுது மாமா."

மே 10, சனி

விடியவே மழை. அக்கா வீட்டுக்குப் போனால் வாளிக்குள் பிடித்து வைத்திருக்கிறான். நூலில் கோழிக்குடல் கட்டிப் பிடித்தானாம்.

கிரேஃபிஷுக்கு முதல் சோடிக் காலில்தான் பெரிய கொடுக்கு. இதற்கு முதல் சோடி மெல்லிசாக, வாய்க்குக் கீழே மடிந்து கிடந்தது. நீலக் கொடுக்கு இரண்டாம் சோடியில். திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் இரண்டாவது வளையத்தின் தட்டு, முன்னதையும் பின்னதையும் சேர்த்து மூடியிருந்தது. சரி, இறாலேதான். நம்முடைய பெரிய நன்னீர் இறால், மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி. இதன் குஞ்சு உவர்நீரில்தான் பிழைக்கும். சினைப் பெட்டை கழிமுகத்துக்கு இறங்க வேண்டும். கிரேஃபிஷுக்கு அந்த அலைச்சல் இல்லை. குஞ்சுகள் தாயின் வாலடியில் பொரித்து அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பயம்: குளத்தில் விட்டால் குளத்திலேயே பெருகும்.

"அப்ப கறி வைக்கலாமே?" என்றான். வாய்க்கால் தண்ணி என்று அக்கா முறைத்தா. திரும்பக் கொண்டுபோய் விட்டோம்.

மே 13, செவ்வாய்

வெசாக் லீவு. இன்னொரு படம். பக்கவாட்டில் எடுத்திருக்கிறான், ஐந்து ரூபாய்க் குத்தியும் இருக்கிறது. நண்டு. இலங்கை நன்னீர் நண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது இனம், அநேகமாக எல்லாமே இங்கு மட்டும் உள்ளவை. பெயர் சொல்ல எனக்கு நாள் பிடிக்கும் என்று எழுதினேன்.

"கெதியாச் சொல்லுங்கோ மாமா, வாளிக்குள்ள நிக்குது."