கணவர் சிங்கப்பூரில் இருந்தாலும் உங்கள் கையெழுத்து போதும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பல வீடுகளில் கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவர் லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகுதான் நாள் தள்ளிப்போனது தெரியவரும். இப்போது இந்தக் கரு வேண்டாம் என்று மருத்துவமனைக்குப் போகும் பெண்ணிடம், "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். அதற்கான தாளின் பெயர் 'படிவம் சி'. பெயர் சொல்லியே கேளுங்கள்.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்து பெற்றவர்கள் போன்றோருக்கே இது பொருந்தும். திருமணமாகாதவர்களையும் ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வாரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கணவர் ஊருக்கு வந்த தேதியிலிருந்து எண்ணினால் கணக்கு தவறிவிடும். "நடவு முடிஞ்ச சமயம்" என்பதற்கு மேல் தேதி நினைவில்லை என்றால் ஸ்கேன்தான் வழி.

மெடிக்கல் ஷாப்பில் நேரே மாத்திரை வாங்கிப் போடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. மாத்திரை 9 வாரம் வரைதான், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ஆனால் ரத்தப்போக்கு வரும், கலைந்துவிட்டது என்று நம்பி வயலுக்குப் போய்விடுவார்கள். பிறகு குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தசோகை உள்ளவருக்குச் சாதாரணப் போக்கே தாங்காது. அதனால் முதலில் ஸ்கேன், ஹீமோகுளோபின், ரத்த வகை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ உடனே 108. என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதை மறைக்காதீர்கள். உங்கள் விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

18 வயதுக்குட்பட்டவருக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பாதுகாவலர் என்றால் பெற்றோர்தான் என்றில்லை. வளர்க்கும் பாட்டியும் கையெழுத்திடலாம். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அதில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது.

கலைத்த பிறகு காப்பர்-டி வேண்டுமா என்று கேட்பார்கள். நல்ல ஏற்பாடுதான், விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம். "போட்டுக்கிட்டாதான் கலைப்போம்" என்று நிபந்தனை வைத்தால் மட்டும் ஒப்பாதீர்கள்.