அவர்களே கேட்டதாக ஒரு கையெழுத்து: வார்சா நாட்குறிப்பு

10 மார்ச் 2018, சனி

போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகத்தில், 1968இல் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது பற்றிய கண்காட்சியை நேற்றுத்தான் திறந்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே முடியவில்லை. உள்ளே ஒரு பயண ஆவணம். புகைப்படம், பெயர், பிறந்த ஊர், முத்திரை எல்லாம் பாஸ்போர்ட்டைப் போலவே. ஆனால் அதில் ஒரு வரி: இதை வைத்திருப்பவர் போலந்து மக்கள் குடியரசின் குடிமகன் அல்லர். வெளியே போவதற்கு மட்டுமே அது செல்லும்.

11 மார்ச், ஞாயிறு

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 1967 ஜூனில் கட்சித் தலைவர் கோமுல்கா 'ஐந்தாம் படை', அதாவது உள்ளிருந்தே எதிரிக்கு உதவுகிறவர்கள், என்று யூதர்களைச் சாடினார். அடுத்த மார்ச்சில் மாணவர்கள் கிளர்ந்தபோது பழி மீண்டும் யூதர்கள் தலையில். வேலையிலிருந்து நீக்கினார்கள், பல்கலைக்கழகத்திலிருந்து விரட்டினார்கள். 1971க்குள் சுமார் 13,000 பேர் போய்விட்டார்கள்.

1946இல், இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படையை நடத்திய ஜெனரல் ஆண்டர்ஸிடமும் 75 அதிகாரிகளிடமும் குடியுரிமையைப் பறித்த அரசு, தானே பறித்துத் தானே அறிவித்தது. 1968இல் அந்த நேர்மைகூட இல்லை. குடியுரிமையைத் துறக்க அனுமதி வேண்டும் என்று போகிறவரே மனு எழுத வேண்டும். கட்டணம் 5,000 ஸ்லோட்டி, இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். அரசுக் கோப்புகளைப் புரட்டினால் யாரும் யாரையும் விரட்டவில்லை; அவர்களாகவே கேட்டார்கள், அரசு இசைந்தது. இந்தக் கயமையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

14 மார்ச், புதன்

கீழ்வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூடப் படித்த தோழி ஒருத்தி போனாராம். கொண்டுபோகும் சாமான் ஒவ்வொன்றையும் சுங்கத்துக்குப் பட்டியல் எழுத வேண்டும். தோழிக்கு எழுத்து அழகு என்பதால் அவரே எழுத, பாட்டி எண்ணிச் சொன்னாராம்: தலையணை உறை நான்கு, கரண்டி ஆறு, ஒற்றைக் கையுறை ஒன்று.

"ஒற்றையை எதற்கு எடுத்துப்போகிறாய் என்று கேட்டேன். இன்னொன்று இங்கேதான் எங்காவது கிடக்கும் என்றாள்."

18 மார்ச், ஞாயிறு

கிடான்ஸ்கா ரயில் நிலையம் போனேன். அன்று வெளியேறியவர்கள் ஏறிய வியன்னா ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. சுவரில் நினைவுப் பலகை. கீழே வாடிய பூக்கள், அணைந்த மெழுகுவத்திகள். பாட்டியும் வந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. உள்ளே விட்ட கையையும் வெளியே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.