சம்பளத்தோடு எம்.எஸ்.: கேன்சஸில் அக்ரானமி இடம் கிடைத்தது எப்படி

பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். போக முடியுமா, எவ்வளவு செலவாகும் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எனக்கு நடந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் சேர்ந்தது கேன்சஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி, அக்ரானமி (உழவியல்) துறை, 2024 ஃபால் சேர்க்கை, அதாவது ஆகஸ்டில் தொடங்குகிற செமஸ்டர். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்கள் ஏழெட்டு இடத்தில் அப்ளை செய்து, வருகிற அட்மிட்டில் ஒன்றைப் பிடித்து, வங்கிக் கடனோடு கிளம்புவார்கள். நம் துறையில் தீசிஸ் எம்.எஸ்.ஸுக்கு, அதாவது ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதுகிற எம்.எஸ்.ஸுக்கு, வரிசையே வேறு. முதலில் ஒரு பேராசிரியர் "இந்தப் பையனை நான் எடுத்துக்கொள்கிறேன், சம்பளம் என் ப்ராஜெக்ட்டில் இருந்து" என்று சொல்ல வேண்டும். அப்ளிகேஷன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, அதனால் கொஞ்சம் வரலாறு. 1862-ல் லிங்கன் காலத்தில் மோரில் சட்டம் என்று ஒன்று வந்தது. மத்திய அரசு தன் கையில் இருந்த நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்து, அதை விற்ற காசில் விவசாயமும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரி தொடங்கு என்றது. கேன்சஸ் ஸ்டேட் 1863-ல் அப்படி வந்ததுதான். அயோவா ஸ்டேட், பர்டூ, நெப்ராஸ்கா, டெக்சஸ் ஏ அண்ட் எம் எல்லாம் அதே குடும்பம், 'லேண்ட் கிராண்ட்' பல்கலைக்கழகங்கள். 1887-ல் ஹேட்ச் சட்டம் வந்து மாநிலத்துக்கு மாநிலம் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பணம் ஒதுக்கியது. (நம் ஊர் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் இதுதான் மாதிரி, 1960-ல் பந்த்நகர் தொடங்கியபோது கூட நின்றது இலினாய் பல்கலைக்கழகம்.) இன்றைக்கு அங்கே ஒரு பேராசிரியருக்கு ஆராய்ச்சிப் பணம் வருவது அமெரிக்க வேளாண் துறை, மாநில அரசு, அப்புறம் விவசாயிகளே நடத்தும் பயிர் வாரியங்களில் இருந்து. கேன்சஸில் சோளத்துக்கு ஒரு வாரியம், கோதுமைக்கு ஒரு வாரியம் இருக்கிறது. விவசாயி விற்கிற தானியத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்து, அதை ஆராய்ச்சிக்குத் தருகிறார்கள். அந்தப் பணத்தில்தான் மாணவருக்குச் சம்பளம். ஆக, ப்ராஜெக்ட் இருந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் உங்கள் ஓ.ஜி.பி.ஏ. (10-க்குப் போடுகிற மொத்த கிரேடு சராசரி) 9 இருந்தாலும் பேராசிரியர் கையை விரித்துவிடுவார்.

இதை எந்த கன்சல்டன்சியும் எனக்குச் சொல்லவில்லை. நான் போன இடத்தில் ஒரு லிஸ்ட்டை நீட்டி, பணம் கட்டினால் இத்தனை யுனிவர்சிட்டிக்கு அப்ளை செய்து தருகிறோம் என்றார்கள். அந்த லிஸ்ட்டில் பாதிக்கு மேல் வேளாண் துறையே இல்லாத பல்கலைக்கழகங்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பேராசிரியரைத் தேடுகிற வேலைதான் இதில் பெரியது, சொல்லப்போனால் இது மட்டும்தான் வேலை. அரசுப் பணத்தில் நடக்கிற இடம் என்பதால் ஏறக்குறைய எல்லாமே வெளியில் கிடக்கிறது, தேடிப் படிக்கத்தான் ஆள் இல்லை. நிஃபா என்று அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சி நிதி தருகிற பிரிவு ஒன்று உண்டு. யாருக்கு எந்தத் தலைப்பில் பணம் கொடுத்தார்கள், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்று அவர்கள் தளத்திலேயே தேடலாம். போன வருஷம் தொடங்கிய ப்ராஜெக்ட் என்றால் அந்த ஆளுக்கு மாணவர் தேவைப்படும், அடுத்த வருஷம் முடிகிறது என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்க அக்ரானமி சொசைட்டியின் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப்' (சம்பளத்தோடு படிக்கிற இடம்) என்று விளம்பரங்கள் வரும்.

இன்னொன்று, இது நானாகக் கண்டுபிடித்தது, அதனால் கொஞ்சம் பெருமை உண்டு. பழைய மாணவர்களின் தீசிஸ்களைப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கின்றன, கேன்சஸ் ஸ்டேட்டில் அதற்குப் பெயர் கே-ரெக்ஸ். தீசிஸின் முதல் பக்கங்களில் வரும் நன்றியுரையைப் படியுங்கள். ஆராய்ச்சியைப் பற்றிப் பேப்பர் சொல்லும், வழிகாட்டியைப் பற்றி நன்றியுரைதான் சொல்லும். ஒருவர் தன் கைடுக்கு ஒரு வரியில் சம்பிரதாயமாக நன்றி சொல்லிவிட்டு லேப் டெக்னீஷியனுக்கு ஒரு பத்தி எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா என்ன. அதே லேபில் இரண்டு பேர் எம்.எஸ். முடித்து அங்கேயே பிஎச்.டி. தொடர்ந்திருந்தால் அது நல்ல அறிகுறி.

எனக்குச் சோளம்தான் வேண்டும் என்று முடிவாக இருந்தேன். எங்கள் பக்கம் கோவில்பட்டி கரிசல், மானாவாரி. சோளம் விதைத்த காடுகளில் பாதி மக்காச்சோளத்துக்குப் போய், 2018-க்குப் பிறகு படைப்புழு வந்து அடித்தது எல்லாம் கண்ணால் பார்த்தது. அமெரிக்காவில் சோளம் அதிகம் விளைவது கேன்சஸில், அடுத்து டெக்சஸ். அதனால் கேன்சஸ் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், நெப்ராஸ்கா என்று நாலு இடத்தை மட்டும் குறிவைத்து, அங்கே சோளத்திலும் மானாவாரி சாகுபடியிலும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் எழுதினேன். ஆள் குறைவுதான், ஆனால் ஒவ்வொருவரின் இரண்டு பேப்பராவது படித்த பிறகுதான் மெயில் போனது.

மெயில் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சின்னதாக இருக்க வேண்டும். 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், 'டியர் டாக்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். நான் யார், உங்கள் இந்த ப்ராஜெக்ட்டில் இந்த இடம் எனக்கு ஏன் பிடித்தது, நான் கையால் செய்த வேலை என்ன, எந்த செமஸ்டர், இடம் இருக்கிறதா. அவ்வளவுதான், சி.வி.யும் மார்க் ஷீட்டும் ஒரே பி.டி.எஃப்.பில். 'விவசாயம் இந்தியாவின் முதுகெலும்பு' என்று தொடங்கும் மெயில்களை அவர்கள் வருஷம் முழுக்கப் பார்க்கிறார்கள், அந்த முதுகெலும்பை விட்டுவிடுங்கள்.

எப்போது அனுப்புகிறோம் என்பதும் முக்கியம். செப்டம்பர், அக்டோபரில் கேன்சஸில் ஒரு பக்கம் சோள அறுவடை, இன்னொரு பக்கம் கோதுமை விதைப்பு. பேராசிரியர் லேப்டாப் முன்னால் இல்லை, டிராக்டர் பக்கத்தில் நிற்கிறார். அது முடிந்ததும் அக்ரானமி சொசைட்டியின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஓடுகிறார்கள். நான் ஆகஸ்டில் எழுதியவர்களில் சிலர் பதில் போட்டார்கள், அக்டோபரில் எழுதியதற்கு மூச்சே இல்லை, நவம்பர் நடுவில் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி நினைவூட்டல் போட்டதும் பதில் வந்தது. ஒருவர், எந்தப் பல்கலைக்கழகம் என்று வேண்டாம், கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் காணாமலே போனார். அதற்காக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர் வரும்வரை யாரையும் நம்பி மற்ற கதவுகளை மூட வேண்டாம்.

ஜூம் பேட்டிக்கு ஒரு எச்சரிக்கை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதுவரை அவர்களின் காலை 9 நமக்கு இரவு 7.30, அதற்குப் பிறகு 8.30. பேட்டியில் என் மார்க்கைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. ராவே (பி.எஸ்சி. அக்ரியில் வரும் கிராமப்புறப் பயிற்சி) சமயத்தில் கிராமத்தில் தங்கி என்ன செய்தாய், நீயே மண் மாதிரி எடுத்திருக்கிறாயா, வெயிலில் நாள் முழுக்க நிற்க முடியுமா, ஆர் அல்லது சாஸ் (புள்ளியியல் மென்பொருள்கள்) தெரியுமா என்று பேராசிரியர் கேட்டார். அப்புறம் கேட்டார் பாருங்கள், கார் ஓட்டத் தெரியுமா என்று. ஆராய்ச்சிப் பண்ணைகள் பல மைல் தள்ளி இருக்கின்றன, பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு நாமேதான் போக வேண்டும். அதனால் ஃபைனல் இயரிலேயே டிரைவிங் ஸ்கூல் போய்விடுங்கள், ஜி.ஆர்.இ. (மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) வகுப்பை விட அது பிரயோஜனம். ஜி.ஆர்.இ. நான் எழுதவே இல்லை, நான் விசாரித்த துறைகள் கேட்கவும் இல்லை. ஆனால் துறைக்குத் துறை மாறும், அந்தந்தப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியர் சரி சொன்ன பிறகு அதிகாரப்பூர்வ அப்ளிகேஷன். கட்டணம் திரும்பி வராது, அதனால்தான் சொல்கிறேன், சரி என்று வரும்வரை எங்கேயும் பணம் கட்ட வேண்டாம். கட்டும்போது நம் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்து கிடக்கும், வங்கி ஆப்பில் போய்ப் போட்டுவிட வேண்டும். ஓ.ஜி.பி.ஏ.வை 4-க்கு மாற்றிக் கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள், 10-க்கு எவ்வளவோ அதை அப்படியே எழுதினால் போதும், மாற்றுவது அவர்கள் வேலை.

ரெகமண்டேஷன் லெட்டர்தான் நம் ஊரில் பெரிய கூத்து. "நீயே அடிச்சுட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்பார்கள். அமெரிக்க அப்ளிகேஷனில் கையெழுத்தெல்லாம் இல்லை, லிங்க் நேராக அவர்கள் மெயிலுக்குப் போகும், அவர்களேதான் ஏற்ற வேண்டும். கல்லூரி மெயில் ஐடியாக இருந்தால் நல்லது. சார் அதைத் திறந்து பல வருஷம் ஆகியிருக்கும், பாஸ்வேர்டு மறந்திருக்கும். நான் ஒரு சாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன், பிறகு ஸ்பாம் பெட்டியில் இருந்து லிங்க்கைத் தேடி எடுத்தோம். கடிதத்தை அவரே எழுதட்டும், நீங்கள் அவரிடம் செய்த சோதனை, அவர் வகுப்பில் வாங்கிய கிரேடு, இதையெல்லாம் ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுங்கள், அதுவே பெரிய உதவி. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும், ஆமாம் என்று போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கடிதத்தை யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள்.

டோஃபல் (ஆங்கிலத் தேர்வு) பற்றி ஒன்றே ஒன்று. மொத்த மதிப்பெண்ணோடு ஸ்பீக்கிங் மதிப்பெண்ணையும் தனியாகப் பாருங்கள். வகுப்பெடுக்கும் வேலை, அதாவது டி.ஏ., கிடைக்க வேண்டுமென்றால் பேச்சு ஆங்கிலத்துக்குத் தனி வரம்பு உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர் பேசுவது மாணவனுக்குப் புரிய வேண்டும் என்று சில மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஆர்.ஏ., அதாவது ஆராய்ச்சி வேலை, என்பதால் தப்பித்தேன்.

ஆஃபர் லெட்டரில் வாரம் 20 மணி நேர ஆராய்ச்சி வேலை, மாதச் சம்பளம், டியூஷன் (படிப்புக் கட்டணம்) தள்ளுபடி என்று இருந்தது. வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் உள்ளூர்க்காரரைவிட மிக அதிகம், அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டோம். வீட்டில் சொன்னபோது அப்பா, "ஏய்யா, படிக்கவும் வெச்சு சம்பளமும் குடுப்பானா?" என்றார். மாமா, "மாப்ள, இது ஏதோ ஏமாத்து வேலை, ஆதார் நம்பர் கேட்டா குடுத்துறாத" என்றார். லெட்டரைத் தமிழில் வரி வரியாகச் சொன்ன பிறகும் ஐ-20 (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற படிவம்) கைக்கு வரும்வரை மாமாவுக்குச் சந்தேகம் தீரவில்லை.

ஐ-20-க்கு ஒரு வருஷச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். அசிஸ்டன்ட்ஷிப் சம்பளத்தையும் தள்ளுபடியையும் அவர்களே கழித்துக்கொள்வார்கள், மீதிக்கு வங்கிக் கணக்கு அல்லது எஃப்.டி. வேண்டும். கரிசல் காடு எத்தனை ஏக்கர் இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது, உடனே காசாக எடுக்கக்கூடியதுதான் செல்லும். அப்பா காட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார், அதை வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் கஷ்டமாக இருந்தது. நகைக் கடன் வாங்கிக் கணக்கில் போட்டோம், எப்படியும் விமான டிக்கெட்டுக்கும் அங்கே வாடகை முன்பணத்துக்கும் அது தேவைப்பட்டது.

விசா சுருக்கமாக. செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், இது 2024 கணக்கு, நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும், இனிஷியல் விவகாரம் நமக்குத்தான் தெரியுமே. கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், உள்ளே செல்போன் விட மாட்டார்கள். என்ன ஆராய்ச்சி, யார் பணம் தருகிறார்கள், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று விசா அதிகாரி கேட்டார். தண்ணீர் குறைந்தால் சோளம் எப்படித் தாங்குகிறது என்பதைப் பார்க்கப் போகிறேன், எங்கள் ஊரிலும் அதே பிரச்சினை என்றேன். ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்தார், மற்ற ஃபைல் எதையும் திறக்கவே இல்லை.

கடைசியாக, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகஸ்டில் மாணவர் கணக்கைத் திறந்ததும் முழு டியூஷனும் பாக்கி என்று ஒரு பெரிய எண் நிற்கும். பதற வேண்டாம், உங்கள் வேலை நியமனப் பேப்பர் ஏறிய பிறகுதான் தள்ளுபடி அதில் விழும், துறை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டால் சரிபார்த்துச் சொல்வார்கள். ஆனால் தள்ளுபடி டியூஷனுக்கு மட்டும்தான், மாணவர் கட்டணம் என்று தனியாக ஒன்று நம் கையில் இருந்து போகும். முதல் சம்பளம் வருவதற்குள் அதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொண்டுவந்துவிடுங்கள்.