நிவாரணப் பட்டியலைப் பணம் ஏறுவதற்கு முன்பே பாருங்கள்

மேலூர், திருமங்கலம் பக்கம் மழையில் சேதமான பயிருக்கான நிவாரணம் பற்றிய பேச்சு, பக்கத்து வயல்காரருக்குப் பணம் ஏறிய பிறகுதான் ஆரம்பிக்கும். அப்போது தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தும் பெரிதாகப் பயனில்லை. பெயர் சேர்வதும் விடுபடுவதும் கணக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022–26 விதிப்படி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு 2 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும். ஓர் ஏருக்குப் பாசனம் 170, மானாவாரி 85 என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு ஏக்கர் நெல், அதாவது 40.5 ஏர், 6,885 ரூபாய். விதை, உரச் செலவில் ஒரு பங்குக்கான மானியம் இது, அவ்வளவே. பயிர்க் காப்பீடு வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்த 170, 85 வித்தியாசத்தில்தான் நம் பக்கம் அதிகம் அடிபடுகிறது. பெரியாறு கால்வாய் பாயும் நஞ்சையில் தகராறு குறைவு. கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் பட்டாவில் புஞ்சை என்றிருக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி மக்காச்சோளம் நிற்கும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பாசன ஆதாரத்தை எழுதாமல் விட்டால் மானாவாரி என்றே போய்விடும், தொகை பாதி. பயிர்க் கலத்தில் ‘தரிசு’ என்றிருந்தால் அதுவும் கிடையாது. ஆகவே விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, புல எண், பயிர், பரப்பு, பாசனம் நான்கும் அடங்கலில் ஏறியதா என்று கேளுங்கள். சேதமானதும் தண்ணீர் வடிவதற்குள், புல எண் புரியும்படி பக்கத்து வரப்போ கிணறோ தெரிய, தேதியோடு போட்டோ எடுங்கள்.

குத்தகைக்காரர் பாடு மோசம். பாடுபட்டவர் ஒருவர், பணம் ஏறுவது பட்டாதாரர் கணக்கில். அடங்கலில் சாகுபடியாளர் பெயர் இல்லாமல் வாதாட முடியாது.

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாகக் கணக்கெடுத்ததும் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைச் சேதத்துக்கு ஜனவரி 26 கிராம சபை நல்ல சந்தர்ப்பம். பெயர், புல எண், பரப்பு, பயிர், சேத சதவீதம் இவற்றை வாசித்தாலே, பயிரே வைக்காத நிலம் எது என்று ஊர் சொல்லிவிடும்.

மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘எனக்கு ஏன் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் வராது. ‘இந்த வருவாய்க் கிராமத்தின் கணக்கெடுப்புப் பட்டியல் நகலும், தொகை வழங்கிய பட்டியல் நகலும்’ என்று கேளுங்கள். மானியப் பயனாளி விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4(1)(b)(xii), அதைக் குறிப்பிடுங்கள். தனிநபர் விவரம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது இப்போது இன்னும் சுலபமாகிவிட்டது; அதனால் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இல் முதல் மேல்முறையீடு.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வரவில்லையா? பாஸ்புக்கைப் பாருங்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்த பிறகும் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணையே கொடுத்திருந்தால் தொகை திரும்பிப் போயிருக்கும்.