எள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு

என் மாமியார் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். தன் குடும்ப வம்சாவளியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆண்கள் எல்லோரும் அதில் ஒழுங்காக இருந்தார்கள்: பிறந்த ஊர், உள்நாட்டுப் போரில் சேர்ந்த படைப்பிரிவு, செத்த வருஷம் வரை. எள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்தில் மட்டும் மனைவியின் முதல் பெயர், அதை ஒட்டி ஒரு கேள்விக்குறி. அந்த அம்மாள் யார் வீட்டுப் பெண் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் பக்கம் ஜாதகம் தொலைந்தாலும் தாய்மாமன் யார் என்பது தொலையாது. அந்தக் கேள்விக்குறி எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நோட்டை வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் முதலில் போவது சென்சஸுக்குத்தான். 72 வருஷம் கழித்தே பெயர்களோடு திறந்துவிடுவார்கள் என்பதால் இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. உயிரோடு இருப்பவரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகவேண்டும். தாண்டிக் குதித்தால் அதே பெயரில் வேறு யாருடைய தாத்தாவிடமோ போய் நிற்போம்.

1900 சென்சஸ் ஒரு புதையல். பிறந்த மாதமும் வருஷமும் இருக்கும். பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் கேட்டிருக்கிறார்கள். எள்ளுப்பாட்டியின் வரியில் 9, அடுத்த கட்டத்தில் 5. மாமியாரின் நோட்டில் இருந்ததே மொத்தம் ஆறு பேர்தான். அதற்கு முந்தைய 1890 சென்சஸ் கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 1921இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயும், அணைக்க அடித்த தண்ணீரும், பிறகு மீதியைக் கழித்துக்கட்டிய அதிகாரிகளுமாகச் சேர்ந்து முடித்துவைத்தார்கள். நெப்ராஸ்கா 1885இல் தனியாக ஒரு கணக்கு எடுத்திருந்ததால் எனக்கு அந்த இருபது வருஷப் பள்ளம் பாதி தூர்ந்தது.

வயதை மட்டும் யாரும் நம்பவேண்டாம். 1870க்கும் 1880க்கும் இடையே எள்ளுப்பாட்டிக்கு ஏழு வயதுதான் கூடியிருக்கிறது. இணையத்தில் பிறர் போட்டிருக்கும் குடும்ப மரங்களும் அப்படித்தான். ஒருவர் எழுதியதை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். எங்கள் எள்ளுப்பாட்டிக்கே ஒரு மரத்தில் அப்பா கிடைத்தார். அவர் அவளைவிட பதினொரு வயது மூத்தவர்!

அடுத்தது நிலம். எள்ளுத்தாத்தா ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் வாங்கியவர். 1862இல் வந்த சட்டம் அது: ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால் பட்டா. உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பான யூனியன் படையில் இருந்தவர்கள் பணிக்காலத்தை அந்த ஐந்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 1872இல் சலுகையும் வந்தது. சட்டத்தின் முதல் மனுக்களில் ஒன்றைப் போட்ட டேனியல் ஃப்ரீமன் பிடித்த நிலம் இவர்கள் இருந்த அதே கேஜ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி), பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது. 'இலவச நிலம்' என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1854 ஒப்பந்தத்தில் அரசாங்கம் வாங்கியது அந்தப் பகுதி. அவர்களுக்கென்று ஒதுக்கியதில் மிச்சமிருந்த நிலத்தையும் விட்டு 1881இல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. மாமியாரின் நோட்டில் இதையும் ஒரு வரி சேர்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டா நகல் நில மேலாண்மைத் துறையின் இணையதளத்திலேயே உண்டு, ஆனால் அதில் சாரம் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் முழுக் கோப்பைப் பார்க்கவேண்டும். பட்டா கேட்கும்போது கொடுத்த வாக்குமூலம் அதில்தான் இருக்கிறது: மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு, அதன் நீள அகலம், ஒரு கதவு, இரண்டு ஜன்னல், கிணறு, உழுத ஏக்கர் எவ்வளவு என்று எல்லாம். உண்மை என்று சாட்சி சொன்ன அக்கம்பக்கத்தார் இருவர். அதில் ஒருவர் 1880 சென்சஸில் அடுத்த வீடு. அவரும் ஒஹாயோவில் பிறந்தவர், எள்ளுப்பாட்டியும் ஒஹாயோ. இருவரின் பெற்றோரும் பென்சில்வேனியா. அந்தக் காலத்தில் ஜனங்கள் தனியாகக் கிளம்பிப் போகவில்லை, சொந்தபந்தத்தோடுதான் போய்க் குடியேறினார்கள். அதனால் நம் ஆளின் வரியை மட்டும் பார்த்து மூடாமல், முன்பின் பக்கங்களில் யார் யார் என்று குறித்துக்கொள்வது நல்லது.

அதே 1880இல் விவசாயத்துக்கென்று தனி அட்டவணை எடுத்தார்கள். தாத்தா பெயருக்கு நேரே மாடு, பன்றி, சோளம், கோதுமை; கூடவே ஒரு வருஷத்தில் பண்ணையில் எடுத்த வெண்ணெய் 250 பவுண்டு. மத்தைப் பிடித்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. மக்கள்தொகைத் தாளில் அவளுடைய தொழில் 'வீட்டைக் கவனித்தல்'.

எள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கடைசியில் கிடைத்தது ஓய்வூதியக் கோப்பில். போர் வீரர்களின் விதவைகளுக்கு 1890 சட்டம் மாதம் 8 டாலர் கொடுத்தது. கல்யாணத்தை நிரூபித்தால்தான் பணம். ஒஹாயோவில் கோர்ட் கட்டடம் எரிந்து பதிவேடு போய்விட்டது, மணம் செய்துவைத்த பாதிரியாரும் இறந்துவிட்டார். எனவே நேரில் பார்த்தவர்களின் சத்தியவாக்கு கேட்டிருக்கிறார்கள். அங்கே வந்தார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்: மணப்பெண் என் தங்கை, கல்யாணம் எங்கள் அப்பா வீட்டுக் கூடத்தில் நடந்தது, நான் கூட நின்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாய்மாமன்! இன்னொரு தாளில் குடும்ப பைபிளில் குறித்திருந்த பிறப்புகளை நோட்டரி அப்படியே நகலெடுத்திருந்தார். ஒன்பது பெயர்கள். இரண்டாவது குழந்தைக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே பெயர். முந்தையது இறந்தபின் அந்தப் பெயரைப் பிறகு பிறந்ததற்கு வைத்திருக்கிறார்கள். மாமியார் அந்தத் தாளை மட்டும் தனியாக அச்செடுத்துக் கேட்டார்.

கோப்பின் நகலுக்குக் கட்டணம் உண்டு, வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் வீட்டில் போர் வீரர் யாராவது இருந்தால் மற்றதற்கெல்லாம் முன்னே அதற்கு எழுதிப்போடுங்கள் என்பேன். காசு கேட்ட இடத்தில்தான் அரசாங்கம் ஒரு விவசாயி மனைவியிடம் இவ்வளவு கேள்வி கேட்டிருக்கிறது.

பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்ததும் 1850 சென்சஸ் சுலபமாக வழிவிட்டது. அடிமைகள் தவிர்த்து வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கு அதுதான். ஒஹாயோவில் அப்பா வீட்டில், அண்ணனுக்குக் கீழே, பதினொரு வயதுப் பெண்ணாக இருக்கிறாள். 1840இல் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். 'ஐந்து வயதுக்குட்பட்ட பெண்' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது.

அவளுடைய அப்பா பென்சில்வேனியாவில் எந்த ஊர் என்பது இன்னும் பிடிபடவில்லை. அங்கே உயில்களையும் வரிப் பட்டியல்களையும்தான் புரட்டவேண்டும். மாமியார் இரண்டு கவுண்டிகளுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.