போல்ட் எண்

நம் பள்ளி முன்னாள் மாணவர் மலருக்கு எழுதச் சொல்லிச் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, பர்மிங்காமில் என் கார் ஷெட்டில் ஒரு ரைபிள் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்தது. 303 லீ என்ஃபீல்ட். என்.சி.சி.யின் சனிக்கிழமைப் பரேடில் நம் தோள்பட்டையைப் பழுக்கவைத்த அதே சாமான். நாம் சுமந்தது வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் செய்தது. இது இந்த ஊரிலேயே பி.எஸ்.ஏ. ஆலையில் 1917இல் செய்தது. பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டு, பிறகு சுடவே முடியாதபடி ஆக்கிச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் என் மனைவி ஷெட் பக்கம் வருவதில்லை.

குழலுக்கு மேல் மூடும் கட்டை இல்லை. முன்கட்டையின் திருகாணி ஒன்றும் இல்லை. என்ஃபீல்டின் மரை தனி மரை. கடையில் விற்கும் எந்தத் திருகாணியும் ஏறாது. ஏழு மாதம் தேடினேன். கடைசியில் கிடைத்த மேல்கட்டையில் இஷாப்பூர் முத்திரை இருந்தது! ஆளி விதை எண்ணெயை அதில் தேய்த்தபோது நம் கோத்தின், அதாவது ரைபிள்களைப் பூட்டி வைக்கும் அறையின், வாசனை ஷெட் முழுக்க எழுந்தது. கூடவே என்.சி.சி. சாரும் வந்துவிட்டார்.

போன ஐப்பசியில் அவர் காலமானது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது பட்டாலியனிலிருந்து சுபேதார் சோதனைக்கு வந்த நாள் நினைவிருக்கும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் துண்டுதான் போல்ட். ஒவ்வொரு போல்டும் அதனதன் பாடிக்கென்று, அதாவது ரைபிளின் இரும்பு உடலுக்கென்று, இழைத்துப் பொருத்தியது; அதனால்தான் போல்ட் பிடியின் பின்புறத்திலும் பாடியிலும் ஒரே எண் இருக்கும். இரண்டு ரைபிள்களில் எண் மாறியிருந்தது. சார் சாவ்தானில் விறைப்பாக நிற்க, சுபேதார் இந்தியில் கத்தினார். நமக்கு இந்தி புரியவில்லை. சாரின் காது மடல் சிவந்தது புரிந்தது.

குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றை இழுத்துவிட்டுப் பரேடு முடிந்து தரும் பூரிக்கு ஓடும் அவசரத்தில் போல்டை மாற்றிச் செருகியவன் நான்தான். யார் கையில் எந்த ரைபிள் என்று கோத் நோட்டில் இருந்தது. சார் அதைப் புரட்டினார், மூடினார். "எண்ணைப் பார்த்துப் போடோணும், கண்ணு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பூரி எடுத்துக் கொடுத்தார். எனக்கு ஒன்று கூடுதல்.

பிறகு நான் கப்பல் ஏறாத குறையாக ஊரை விட்டு வந்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் கோபி பக்கம் போனபோது அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பவானிசாகரில் 105 அடி எட்டுமா, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று பேசினோம். போல்டைப் பற்றிப் பேசவில்லை.

என் ரைபிளிலும் போல்ட் எண் பொருந்தவில்லை. பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் பாடியின் எண்ணையே அடித்துத் தருவதாக உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார். முப்பது பவுண்டுதானாம், யாருக்கும் தெரியாதாம்.

வேண்டாம் என்றேன்.